அடுப்படியில் லேவியராகமம்

வருஷத்தின் கடைசி இரவு ஆராதனைக்கு வருகிறவர்கள், பன்னிரண்டு மணிக்கு ஆலயமணி அடித்தவுடன் ஒருவரோடொருவர் கைகுலுக்கி, வாக்குத்தத்த வசனம் அச்சிட்ட அட்டை ஒன்றைத் தட்டிலிருந்து எடுத்துக்கொண்டு வீடு திரும்புகையில், அந்த அட்டையோடு கூடவே ஒரு சங்கல்பத்தையும் எடுத்துச் செல்வது எங்கள் பக்கத்துச் சபைகளில் நெடுநாளைய வழக்கம். பிறக்கின்ற வருஷத்திலாவது வேதப்புத்தகத்தை முதலிலிருந்து முடிவுவரை வாசித்துவிட வேண்டும் என்பதே அந்தச் சங்கல்பம். கணக்கு என்னவோ சுலபமானதுதான். 66 ஆகமங்களிலும் சேர்ந்து 1,189 அதிகாரங்கள். வாரநாட்களில் நாளுக்கு 3, ஞாயிற்றுக்கிழமைகளில் 5 என்று வைத்துக்கொண்டால், அடுத்த அட்டை எடுக்கும் இரவுக்குள் புத்தகம் முடிந்து சில நாள் மிச்சமும் இருக்கும். ஆனால் ஆதியாகமத்தின் 50 அதிகாரங்களையும் யாத்திராகமத்தின் 40 அதிகாரங்களையும் கடக்க நான்கு வாரமே போதுமாகையால், ஜனவரி மாதத்தின் கடைசி நாட்களில், சங்கல்பம் செய்துகொண்ட சகல கிறிஸ்தவர்களும் ஏறக்குறைய ஏககாலத்தில் லேவியராகமத்தின் வாசலில் வந்து நிற்கிறார்கள். பலிகளின் வகை என்ன, எந்தக் கொழுப்பை எரிக்கவேண்டும், குஷ்டம் என்று சந்தேகப்படுகிறவனை எத்தனை நாள் அடைத்துவைத்துப் பார்க்கவேண்டும் என்பன போன்ற விதிகளின் நடுவே, ‘வேலை அதிகம், நேரமில்லை’ என்று சொல்லி அவர்களில் பெரும்பாலோர் திரும்பிவிடுகிறார்கள்.

நேரமில்லை என்பதைப் பொய்யென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1895ஆம் வருஷம் பெரியாற்று அணை முடிந்து, மேற்கே போய்க் கடலில் விழுந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாய்க் கிழக்கே திரும்பியது முதற்கொண்டு, கம்பம் பள்ளத்தாக்கில் சும்மா இருக்கும் மாதம் என்று ஒன்று கிடையாது. ஜூன் மாதத்தில் தண்ணீர் திறந்தால் 14,707 ஏக்கரிலும் நாற்றங்கால் வேலை தொடங்கிவிடும். அது முதல் போகம் மட்டுமே. திராட்சைத் தோட்டக்காரனுக்கோ, ஒரு பந்தலில் அறுப்பு, அடுத்ததில் கவாத்து என்று வருஷம் முழுவதும் கத்தரி கையைவிட்டு இறங்காது. ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகிற ஜீப்புகள் கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் விடிவதற்கு முன்பே ஆள் ஏற்றிக்கொண்டு மலையேறிவிடுவதால், அவற்றில் போகிற பெண்கள் சோறு பொங்கித் தூக்குவாளியில் அடைப்பதற்காக எழுந்திருக்கும் நேரம் ஊரார் புரண்டு படுக்கும் நேரம். இப்படிப்பட்டவளிடம், அதிகாலையில் எழுந்து கதவைப் பூட்டிக்கொண்டு தேவனோடு தனித்திருக்கவேண்டும் என்று பிரசங்கிக்கிற போதகர், அவளுடைய அதிகாலை எது என்று ஒருநாளாவது கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

அந்தத் தனித்த காலை வேளை எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்திருக்கிறேன். 1834ஆம் வருஷம் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து மிஷன் தொடங்கிய அமெரிக்கர்கள், எங்கள் பக்கத்தில் பெரியகுளத்தில் பங்களா கட்டி, 1845 முதல் கோடையைக் கழிக்கக் கோடைக்கானலுக்கு மலையேறிய அந்த மகானுபாவர்கள், இந்நாட்டுக்குச் செய்த உபகாரத்தைக் குறைத்துப் பேசுகிற நன்றிகெட்டவன் அல்லேன். என் தகப்பனார் எழுத்தறிந்ததே அவர்கள் வைத்த பள்ளிக்கூடத்தில்தான். ஆனாலும் அவர்கள் வராந்தாவில் பிரம்பு நாற்காலி போட்டுக்கொண்டு விடியற்காலையில் வேதம் வாசித்த வேளையில், உள்ளே சமையற்காரன் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தான், தோட்டக்காரன் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான் என்பதை நாம் மறந்துவிட்டோம். வழக்கம் நம்மிடம் வந்து சேர்ந்தது, சமையற்காரன் வந்து சேரவில்லை.

எங்கள் வீட்டில் வேதவாசிப்பு என்பது கேட்கிற காரியமாக இருந்தது. என் அப்பத்தா எழுத்தறியாதவள். போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கிட்டங்கி ஒன்றில் காய் பிரிக்கிற வேலை அவளுக்கு. நாள் முழுவதும் சல்லடைக்கும் முறத்துக்கும் நடுவே உட்கார்ந்து, பருத்த காயையும் சிறுத்த காயையும், பச்சை மாறாத காயையும் வெளுத்த காயையும் கண்ணாலேயே பிரித்துப்போட்டுவிட்டு, பொழுது சாய்ந்தபின் வீட்டுக்கு வந்தால் அவளுடைய முந்தானையும் விரலிடுக்கும் வாசனையாய் இருக்கும். இரவுச் சோற்றுக்கு அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டு, “ஏய்யா, படி” என்பாள். அரிக்கேன் விளக்கின் பக்கத்தில் உட்கார்ந்து நான் படிப்பேன். சிறுபிள்ளையின் சாமர்த்தியத்தோடு, மத்தேயுவின் முதல் அதிகாரத்தில் வருகிற வம்ச வரலாற்றைத் தாண்டிக் குதித்து இயேசுவின் பிறப்புக்கு வந்துவிட்டால், முறம் நின்றுபோகும்.

“அந்த ஆளுக பேரெல்லாம் எங்கய்யா போச்சு?”

“அது வெறும் பேருதான அப்பத்தா, நாப்பது பேரு.”

“பேருதான். அதுல நம்ம பொம்பளையாளுக நாலு பேரு வருவாகல்ல, அவுகள எங்க விட்டுட்டு வந்த?”

தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று அந்த நால்வரையும், ஆண்களின் பெயர்களுக்கிடையே எப்போது வருவார்கள் என்று அவள் காத்திருந்து கேட்பாள் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. பிற்காலத்தில் வேதசாஸ்திரம் கற்ற பண்டிதர்கள் சிலர் இந்த நால்வரைப் பற்றி விஸ்தாரமாய் எழுதியவற்றை நான் வாசிக்கும்படி நேர்ந்தபோது, அவற்றில் புதியதாக ஒன்றும் எனக்குத் தட்டுப்படவில்லை.

ஸ்காட்லாந்தில் டண்டீ பட்டணத்துப் போதகராயிருந்த ராபர்ட் மர்ரே மெக்ஷெய்ன் என்பவர், தம் சபையார் ஒரு வருஷத்தில் வேதம் முழுவதையும் வாசித்து முடிப்பதற்கென்று 1842ஆம் வருஷத்தின் இறுதியில் ஓர் அட்டவணை தயாரித்துக் கொடுத்தார். அடுத்த வருஷமே, இருபத்தொன்பது வயதில், அவர் காலமாகிவிட்டார். இன்றைக்கு உலகமெங்கும் வழங்குகிற அட்டவணைகளுக்குள்ளே மூத்தவைகளில் ஒன்று அது. அதில் நாளொன்றுக்கு நான்கு பகுதிகள் உண்டு என்பது அநேகருக்குத் தெரியும். அவற்றில் இரண்டு தனியே வாசிப்பதற்கும் மற்ற இரண்டு குடும்பத்தாரோடு கூடியிருந்து வாசிப்பதற்கும் என்று அவர் பிரித்துவைத்ததைத்தான் எவரும் ஞாபகத்தில் வைப்பதில்லை. பாதிப் புத்தகத்தை வீட்டாரின் காதுக்கென்றே ஒதுக்கியவர் அவர். தனிவாசிப்பு மட்டும் நம்மிடம் தங்கி, கூட்டுவாசிப்பு எப்படியோ கழன்றுபோயிற்று.

இந்த விஷயத்தில் இராயப்பன்பட்டி, அனுமந்தன்பட்டிக் கத்தோலிக்கர்கள் எங்களைவிட விவேகிகள் என்பது என் அபிப்பிராயம். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வேதாகமத்தை விசுவாசிகள் எல்லோர் கையிலும் கொடுக்கும்படி சொல்லுகிறவரையில், வீடுகளில் அதைத் தனியே வாசிக்கும் வழக்கம் அவர்களிடையே அரிதாயிருந்தது என்று புரொட்டஸ்டண்டுகளாகிய நாங்கள் சற்று இளப்பமாய்ப் பேசுவதுண்டு. அதன்பின் சில வருஷங்களுக்குள் அவர்களுடைய திருப்பலி வாசகங்கள் ஞாயிறுகளுக்கு மூன்று வருஷச் சுற்றாகவும் வாரநாட்களுக்கு இரண்டு வருஷச் சுற்றாகவும் ஒழுங்கு செய்யப்பட்டுவிட்டதால், தினம் கோவிலுக்குப் போகிற ஒரு திராட்சைத் தோட்டக்காரர், தாம் புத்தகத்தைத் திறவாமலே புதிய ஏற்பாட்டின் பெரும்பகுதியையும் பழைய ஏற்பாட்டில் ஒரு பங்கையும் காதால் கேட்டுவிடுகிறார். தமிழ்நாட்டுக்குப் பன்னீர் திராட்சையை 1832இல் கொண்டுவந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்லப்படுவதையும், கம்பத்துத் திராட்சைக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததையும் அவர் பெருமையோடு சொல்வார். அந்தப் பெருமையில் பாதி பயிருக்கு, பாதி பாதிரியாருக்கு.

ஏலக்காய் வாரியம் ஏற்பட்ட 1966ஆம் வருஷத்தில் நான் போடியில் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதச் சேர்ந்தேன். ஆவணி தொடங்கி மாசிவரை காய் வரத்துள்ள மாதங்களில், பேரேடு ஒருபுறம் இருக்க, மூட்டைகளை எடைபோட்டு வாங்குவதற்காக மலைக்கு ஏறிப்போக வேண்டியதும் என் உத்தியோகத்தின் ஒரு பாகம். போடிமெட்டுச் சாலையின் கொண்டையூசி வளைவுகளில் லாரி முக்கி முனகி ஏறி, பூப்பாறைப் பக்கத்துத் தோட்டத்தில் இறங்கும்போது இருட்டிவிடும். காய் உலர்ந்து இறங்குவது மறுநாள்தான் என்பதால் இரவை அங்கேயே கழிக்கவேண்டும். சங்கல்ப வருஷங்களில் ஒன்றான அவ்வருஷத்தில், மற்றெல்லோரையும் போல நானும் லேவியராகமத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தேன்.

ஏலக்காயைப் பச்சையாய்ப் பறித்து, பச்சை நிறம் போகாமல் உலர்த்தவேண்டும். அந்தத் தொழிலின் ரகசியம் முழுவதும் இதில் அடங்கியது. ஸ்டோர் என்று சொல்லப்படுகிற கட்டிடத்தின் ஒரு பக்கத்துச் சுவரில் அடுப்பு வாய் இருக்கும்; விறகு உள்ளே எரிய, அந்தச் சூடு தகரக் குழாய்களின் வழியே அறை முழுவதும் ஓடும்; அதற்கு மேலே அடுக்கடுக்காய்க் கம்பிவலைத் தட்டுகளில் காய் பரப்பியிருக்கும். தீ தணிந்தால் காய் வெளுத்துவிடும், மிஞ்சினால் வெடித்துவிடும். ஐந்து கிலோ பச்சைக்காய் ஒரு கிலோ உலர்ந்த காயாக இறங்கும்வரை, ராத்திரி முழுவதும் ஒருவன் கண்ணயராமல் அந்த வாயருகே உட்கார்ந்திருக்கவேண்டும். அந்தத் தோட்டத்தில் அவ்வேலையைச் செய்தவர் வீரபாண்டிப் பக்கத்தைச் சேர்ந்த, ஐம்பது வயது கடந்த ஒருவர். கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் அக்கினிச்சட்டி எடுக்கிறவர். கிறிஸ்து மார்க்கத்தைப் பற்றி அவருக்கு நல்லெண்ணமும் கிடையாது, துவேஷமும் கிடையாது.

மலைக்குளிருக்கு வேறு புகலிடம் இன்மையால் நானும் அவ்வாயருகே சாக்கு விரித்து உட்கார்ந்து, தீயின் வெளிச்சத்தில் புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தேன்.

“என்ன தம்பி, வாயசைக்காமப் படிக்கிறீக? எனக்குங் கேக்குறாப்புலப் படிச்சா, நானும் தூங்காம இருப்பேன்ல?”

“இது சுவாரஸ்யமா இருக்காதுண்ணே. பலி குடுக்கிற முறையெல்லாம் எழுதியிருக்கு.”

“கெடா வெட்டுறதுதான? படிங்க.”

ஆறாம் அதிகாரத்தில் நான் இருந்தேன். சர்வாங்க தகனபலி இரவு முழுவதும் பலிபீடத்தின்மேல் எரியவேண்டும், பீடத்து அக்கினி அவிந்துபோகலாகாது, ஆசாரியன் காலைதோறும் அதற்கு விறகிடவேண்டும் என்னும் விதிகள் அதில் வருகின்றன. அவர் கையிலிருந்த விறகுக்கட்டை அப்படியே நின்றது.

“ராத்திரி பூராவும் அணையக்கூடாதாமா? அப்ப அந்தப் பூசாரிக்கும் நம்ம பொழப்புத்தான்.” சற்று நேரம் கழித்து, தொழில் தெரிந்தவன் கேட்கிற கேள்வியை அவர் கேட்டார்: “சாம்பல யாரு அள்ளுறது?”

அது அடுத்த வரியிலேயே இருந்தது. ஆசாரியன் தானே, சணல்நூல் வஸ்திரம் தரித்தவனாய், சாம்பலை எடுத்துப் பீடத்துக்குப் பக்கத்தில் கொட்டவேண்டும். பிறகு உடை மாற்றிக்கொண்டு, அதைப் பாளையத்துக்குப் புறம்பே சுத்தமான ஓர் இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். என் ஆயுளில் அதற்கு முன் எத்தனை முறை அந்த அதிகாரம் ஆலயத்தில் என் காதில் விழுந்திருந்தாலும், சாம்பல் அள்ளுவதற்கென்று ஓர் உடுப்பும் கொட்டுவதற்கென்று ஓர் உடுப்பும் இருப்பதை நான் கவனித்தவனல்லேன். அவர் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார்.

“அதான் சரி. சாம்பல இன்னொருத்தன்கிட்ட விடக்கூடாது தம்பி. அடுப்பு எரிச்சவனே அள்ளணும். வெள்ளையா மாவு மாதிரி இருந்துச்சுன்னா தீ நல்லா நின்னு எரிஞ்சிருக்கு. கரித்துண்டு கெடந்துச்சுன்னா, காவலு இருந்தவன் தூங்கிட்டான். காலையில மொதலாளி காயப் பாத்துத் தெரிஞ்சுக்கிறத, நான் சாம்பலப் பாத்தே சொல்லிருவேன்.”

அன்றிரவு குஷ்டரோகச் சட்டத்தை எட்டும்வரைக்கும் வாசித்தோம். அதன்பின் அந்த வழியாய்ப் போகிறபோதெல்லாம், எடை நோட்டோடு வேதப்புத்தகத்தையும் மறவாமல் எடுத்துவரும்படி அவர் சொல்லியனுப்புவார். எண்ணாகமத்தில் பாளயம் புறப்படுவதும் இறங்குவதுமான ஒழுங்கை அவர் மெச்சினார். யோபுவின் சிநேகிதர்கள் அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. அவ்வருஷம் என் சங்கல்பம் நிறைவேறிற்றா என்று கேட்பவர்களுக்கு, நிறைவேறவில்லை என்பதே பதில். லேவியராகமத்தை மட்டும் இருமுறை முடித்திருந்தேன்.

விற்பனை வரிக் கணக்கு சம்பந்தமாய் மதுரைக்குப் போகும் நாட்களில் எனக்கு வாசிக்க வாய்த்த இடம் போடி ரயில். இரண்டாயிரத்துப் பத்தின் இறுதியில் அகலப்பாதை வேலைக்காக நிறுத்தப்பட்டு, 2023 ஜூனில்தான் போடிக்கு மறுபடியும் வந்த அந்த ரயில், மீட்டர்கேஜ் காலத்தில் எந்த அவசரத்துக்கும் மசியாதது. தேனியிலும் ஆண்டிபட்டியிலும் உசிலம்பட்டியிலும் ஊர் ஜனங்களோடு க்ஷேமலாபம் விசாரித்துவிட்டுத்தான் புறப்படும். அப்போஸ்தலருடைய நடபடிகளில் காசாவுக்குப் போகிற வனாந்தரச் சாலையில், ரதத்தில் உட்கார்ந்து ஏசாயாவை வாசித்துக்கொண்டு போகிற எத்தியோப்பிய மந்திரி எனக்கு அத்தியந்த நண்பரானது அந்தப் பிரயாணங்களில்தான். ராணியின் பொக்கிஷம் முழுவதுக்கும் அதிகாரியாயிருந்தவர் அவர். அதாவது, கணக்குப்பிள்ளை வர்க்கம். அரண்மனையில் இருந்தவரையில் அவருக்கும் அவகாசம் கிடைத்திராது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் சத்தமாய் வாசித்ததனாலல்லவா அவ்வழியே வந்த சுவிசேஷகராகிய பிலிப்புவின் காதில் அது விழுந்தது? உதட்டுக்குள் வாசித்திருந்தால் ரதம் ஓடிப்போயிருக்கும், பிலிப்பு சாலையோரத்தில் நின்றிருப்பார்.

எங்கள் குடும்பத்தில் நேரத்துக்கு உண்மையாகவே திண்டாடியவள் நானல்ல, என் மனைவி. ஆரம்பப் பாடசாலை ஆசிரியை. பள்ளிக்கூடம், பிள்ளைகள், மாடு, மாமியார் என்று நான்கு எஜமானர்களுக்கு ஊழியம் செய்தவள். அவள் அடுப்படியில் உப்பு ஜாடிக்கு மேல் ஒரு பலகை அடித்து, அதில் சங்கீதப் புத்தகத்தைத் திறந்தபடி சாய்த்துவைத்திருந்தாள். பக்கங்களில் மஞ்சளும் எண்ணெயும் ஏறி, சில சங்கீதங்களை மணத்தைக்கொண்டே கண்டுபிடித்துவிடலாம். சமையலுக்குத் தக்கபடி சங்கீதத்தைத் தெரிந்துகொள்வது அவளுடைய முறை. இரண்டே வசனங்கள் கொண்ட 117ஆம் சங்கீதம் பால் பொங்குகிற வேளைக்கு உரியது. 176 வசனங்களுள்ள 119ஆம் சங்கீதமோ எட்டெட்டு வசனமாய் 22 கூறுகளாக அமைந்திருப்பதால், குழம்பு கொதித்து இறங்குவதற்குள் ஒரு கூறு என்று அதைப் பங்கிட்டிருந்தாள். விருந்தாளிகள் வந்து சமையல் நீண்ட நாட்களில் இரண்டு கூறுகள் முடிந்துவிடும் என்று அவள் சொல்லும்போது, அது விருந்தாளிகளைப் பற்றிய புகாரா ஸ்தோத்திரமா என்று நான் விசாரித்ததில்லை.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றபின், விடிந்தால் அடைந்தால் அவகாசமே அவகாசம் என்ற நிலையில், வாசிப்பு பெருகும் என்று எதிர்பார்த்தேன். அது பெருகவில்லை. ஸ்டோரும் ரயிலும் இல்லாத நாளில், பத்திரிகையும் திண்ணையும் அந்த இடத்தைச் சௌகரியமாய்ப் பிடித்துக்கொண்டன. மகனோ தேனியிலிருந்து ஆண்டிபட்டிக்கு மோட்டார் சைக்கிளில் போகையில் கைபேசியின் மூலம் வேதத்தைக் காதில் கேட்டுக்கொண்டே போகிறான். ஒலிக்கிறது யாரோ ஒருவருடைய குரல் என்று எனக்குக் குறையாகப் படுவதுண்டு. எனினும் என் அப்பத்தா உயிரோடிருந்தால், காய் பிரிக்கிற முறத்தின் பக்கத்தில் அந்தக் கருவியை வைத்துக்கொண்டு, நாற்பது பெயர்களையும் தடையின்றிக் கேட்டிருப்பாள்.

இப்போது நான் வாசிப்பது அல்லிநகரத்தில் எங்கள் தெருவிலேயே இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்காக. கம்பம், குமுளி மலைப்பாதையில் நெடுங்காலம் வண்டி ஓட்டியவர். கண்ணழுத்த நோயினால் பார்வை போய்விட்டது. சாயங்காலம் ஐந்து மணிக்கு அவர் வீட்டுத் திண்ணையில் வாசிப்பு. சங்கீதம் வேண்டாம், நிருபங்கள் வேண்டவே வேண்டாம், இராஜாக்களின் இரண்டாம் புஸ்தகம்தான் வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அதிலும் ஒன்பதாம் அதிகாரத்தில் யெகூ ரதமேறி யெஸ்ரயேலுக்கு ஓட்டிக்கொண்டு வருகிற இடத்தை மறுபடியும் மறுபடியும் கேட்கிறார். கோபுரத்தின்மேல் நிற்கிற ஜாமக்காரன், வருகிறவன் முகம் தெரிவதற்கு முன்னமே, ரதம் ஓடுகிற வேகத்தைக்கொண்டே அது யெகூ என்று சொல்லுகிறான் அல்லவா? அதில் அதிசயப்பட ஒன்றுமில்லை என்கிறார் இவர்.

“லோயர்கேம்ப்புல டீ குடிச்சிக்கிட்டே, மேல வளைவுல வர்ற லைட்டப் பாத்து, இன்ன ஆளு வண்டின்னு நாங்க சொல்லுவோம்ங்க. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு கையி. ஆனா இந்த யெகூ ஓட்டுற ஓட்டுக்கு, எங்க டிப்போவா இருந்தா அன்னைக்கே சஸ்பெண்டு.”

ரோமருக்கு எழுதின நிருபத்தை எப்போது தொடங்கலாம் என்று போன வாரம் கேட்டுப் பார்த்தேன். முதலில் குதிரைகளுக்குத் தண்ணி காட்டினானா இல்லையா என்று பார்த்துச் சொல்லும்படி உத்தரவாயிற்று. அதிகாரத்தை மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசித்துக்கொண்டிருக்கிறோம்.